உதவிக்கு ஞாயிற்றுக்கிழமை நிபந்தனை வேண்டாம்

சென்னையின் நடுப்பகுதியில், நூறாண்டு கடந்த ஒரு புராட்டஸ்டன்ட் சபையின் உறுப்பினர் நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். வயது ஐம்பதைக் கடந்தவர், விருப்ப ஓய்வு பெற்றவர். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர்களுடைய தேவாலயத்துக்குப் பின்னால் கூவம் கரையில் ஒரு குடிசைப் பகுதி இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அங்கிருந்த குடும்பங்களை நகருக்கு வெளியே, ஹவுசிங் போர்டு அடுக்கு வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். தேவாலய வளாகத்தைப் பெருக்கியவர், அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, சமைக்க வந்த பெண்கள், ஞாயிறு பள்ளிக்கு எட்டிப்பார்த்த பிள்ளைகள் எல்லோரும் அதில் அடக்கம். ஒரு கிறிஸ்துமஸ் சமயம் கேக்கும் புடவையும் எடுத்துக்கொண்டு அவர்களைப் பார்க்கப் போன இவர், வெறுங்கையோடு போயிருந்தால்கூட இவ்வளவு சங்கடப்பட்டிருக்க மாட்டேன் என்கிறார். பழைய இடத்தில் நாலு வீட்டில் வேலை செய்த பெண்கள், பஸ் மாறி மாறிப் போய்வர முடியாமல் வேலையை விட்டிருந்தார்கள். படிப்பு பாதியில் நின்ற பிள்ளைகள் மாடிப்படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஏரியா பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று இளைஞர்கள் விண்ணப்பத்தில் வேறு முகவரி எழுதினார்கள்.

அப்படித்தான் சனிக்கிழமை டியூஷன் ஆரம்பமாகியிருக்கிறது. தரைத்தளத்தில் ஒரு பெண்மணி தன் வீட்டைத் திறந்துவிட்டார். இப்போது நாற்பது பிள்ளைகள் வரை வருகிறார்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் இல்லை. ஊழியம் வளர வளரக் கேள்விகளும் வளர்ந்துவிட்டன. வீட்டில் குடிச்சண்டை உள்ள ஏழெட்டுப் பிள்ளைகளை ஓர் இடம் வாடகைக்கு எடுத்து அங்கேயே தங்கவைக்கலாமா? சிங்கப்பூரில் குடியுரிமை பெற்ற தங்கை கணவர், தன் சபை வழியாக மாதாமாதம் பணம் அனுப்பத் தயார். அதைத் தன் சொந்தக் கணக்கில் வாங்கலாமா? ஞாயிறு ஆராதனைக்கு வரும் பிள்ளைகளுக்கு மட்டுமே டியூஷனும் ஸ்கூல் பேக்கும் என்று அங்கே சிறு சபை நடத்தும் போதகர் சொல்கிறார். கமிட்டியில் பாதிப்பேர் ஆமோதிக்கிறார்கள். இதற்கிடையில் ஏரியா இளைஞர்கள் சிலர் செல்போனில் வீடியோ எடுத்து, “மதம் மாத்துறீங்க, கேஸ் போடுவோம்” என்று மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்கு ஆபத்து வருமா என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். “தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறதே, நாங்கள் நிறுத்திவிடுவதுதான் நல்லதா?” என்று கடிதத்தை முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நிறுத்த வேண்டாம். ஆனால் நீங்கள் பயப்படும் இடத்தில் ஆபத்து குறைவு. பயப்படாமல் கடந்துபோன இடங்களில்தான் அது இருக்கிறது. அதனால் உங்கள் கேள்விகளை நீங்கள் எழுதிய வரிசையில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

முதலில் அந்தச் சிறுமி

கடிதத்தின் நடுவில், வேறெதையோ சொல்லிக்கொண்டு வரும்போது, ஒரு சிறுமி தன் உறவினர் ஒருவரைப் பற்றி உங்கள் தன்னார்வலரிடம் சொன்னதை இரண்டு வரியில் எழுதியிருக்கிறீர்கள். “உறுதியாகத் தெரியாமல் என்ன செய்ய? ஜெபித்துக்கொண்டு கவனித்துவருகிறோம். அம்மாதானே புகார் கொடுக்க வேண்டும்” என்பது உங்கள் வாசகம். இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் இந்தப் பகுதியை உங்களுக்கு முன்பே தனியாக அனுப்பிவிட்டேன். இதே நிலையில் வேறு சபைகளும் டியூஷன் சென்டர்களும் இருக்கும் என்பதால் இங்கே மறுபடியும் எழுதுகிறேன்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 19ஆம் பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்றோ நடக்கக்கூடும் என்றோ அறிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. தாய்தான் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. உறுதியான ஆதாரத்தோடுதான் வர வேண்டும் என்றும் இல்லை. நடந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பது காவல்துறையின் வேலை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே 21ஆம் பிரிவின்படி தனிக் குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது, பின்னால் அது நிரூபணமாகாமல் போனாலும், வழக்கோ நடவடிக்கையோ வராது என்று சட்டமே பாதுகாப்பும் தருகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள், அல்லது உள்ளூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். சிறுமி சொன்னதை, அவள் சொன்ன வார்த்தைகளிலேயே, தேதி போட்டு அந்தத் தன்னார்வலர் எழுதிவைக்கட்டும். அதற்குமேல் அவளை யாரும் விசாரிக்கக் கூடாது. போதகர் கூடாது, கமிட்டித் தலைவர் கூடாது, நீங்களும் கூடாது. பிள்ளை ஒரே கதையைப் பலரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்வது அவளுக்கும் கேடு, வழக்குக்கும் கேடு. வாக்குமூலத்தைச் சீருடை அணியாத பெண் காவல் அதிகாரி ஒருவர் அவள் வீட்டிலோ அவளுக்குப் பிடித்த இடத்திலோ வாங்க வேண்டும் என்பது நடைமுறை; இதை அம்மாவிடம் சொல்லுங்கள், பயம் கொஞ்சம் குறையும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போய்விடும். சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஜெப விண்ணப்பமாக இந்த விஷயத்தைப் போட்டிருந்தால் உடனே நீக்குங்கள். பெயர் போடாமல் “எட்டாம் பிளாக் பிள்ளை” என்று போட்டாலும் ஊர் கண்டுபிடித்துவிடும். அடையாளத்தை வெளிப்படுத்துவதும் குற்றம்.

இனிமேல் பிள்ளைகளோடு பழகுகிறவர்கள் யாரும் தனியறையில் ஒரு பிள்ளையோடு தனித்திருப்பதில்லை, இருவராகத்தான் இருப்பார்கள் என்று ஒரு விதி வையுங்கள். நம்மவர்களைச் சந்தேகப்படுவதா என்று கமிட்டியில் யாராவது முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பிள்ளைகளைத் தங்கவைப்பது

இந்தத் திட்டத்தைக் கைவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. இரவு பத்து மணிக்கு அப்பா குடித்துவிட்டு வந்து கதவை உதைக்கும் வீட்டுக்கு ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்புவது யாருக்கும் எளிதல்ல. ஆனாலும் பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த இடமும், அரசு உதவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். விடுதி என்று பெயர் வைத்துத் தப்பிக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. ‘சபைக்குப் பதிவு இருக்கிறதே’ என்று உங்கள் ஆயர் சொல்வது இதற்குப் பொருந்தாது. சபையின் பதிவு ஆராதனைக்கும் சொத்துக்குமானது. பிள்ளைகள் ராத்திரி தூங்கும் இடத்துக்கு வேறு அனுமதி.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டே யோசிப்போம். இதே சட்டம், குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அடிப்படைக் கோட்பாடாகவே சொல்கிறது. இந்தக் குடும்பங்களை ஒருமுறை அரசாங்கம் பெயர்த்தெடுத்து இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி வைத்தது. பிள்ளைகளை அம்மாக்களிடமிருந்து இன்னொரு முறை பெயர்க்க வேண்டுமா?

அந்த வாடகைப் பணத்தை வைத்து வேறென்ன செய்யலாம் என்று பாருங்கள். வாரத்தில் ஒருநாள் டியூஷனை ஐந்து நாள் மாலையாக்கலாம். ராத்திரி எட்டரை வரை திறந்திருக்கும் ஒரு வெளிச்சமான அறையும் ஒரு வேளைச் சாப்பாடும் குடிச்சண்டை வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய விஷயம். கணவரை இழந்த, கைவிடப்பட்ட, தீராத நோயுள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. நகரப் பகுதியில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் தமிழக அரசு 2025இல் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். இவற்றுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். இருப்பிடச் சான்று, இறப்புச் சான்று, வருமானச் சான்று என்று அலையத் தெரியாமல்தான் பாதிக் குடும்பங்கள் இந்தப் பணத்தை விட்டுவிடுகின்றன. உங்கள் சபையில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஒரு ஃபாரம் நிரப்பி, ஓர் அலுவலகத்துக்குக் கூடவே போய்வருவது அவர்களுக்குக் கைவந்த வேலை. உண்மையிலேயே வீட்டில் இருக்க முடியாத பிள்ளை என்றால், அந்த முடிவைக் குழந்தைகள் நலக் குழுதான் எடுக்க வேண்டும். பதிவுபெற்ற இல்லத்தில் அது சேர்க்கும்.

சிங்கப்பூர் பணம்

உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். இதில் மூன்று தவறான எண்ணங்கள் உங்கள் கடிதத்தில் கலந்திருக்கின்றன.

ஒன்று, ‘வெளிநாட்டில் இருக்கும் நம் ஆள் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணமில்லை’ என்பது. இங்கே பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டை. இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டு சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை செய்கிறவர், தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக ஒரு தொண்டு அமைப்புக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். சிங்கப்பூர் சபை அனுப்புவது கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, ‘உறவினர்தானே’ என்பது. நெருங்கிய உறவினரிடமிருந்து வாங்குவதற்கு, வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் தங்கை கணவர் அந்தச் சட்டம் சொல்லும் ‘உறவினர்’ பட்டியலில் இல்லை. தங்கை இருக்கிறார். உடனே ‘அப்படியானால் தங்கை பெயரில் அனுப்பச் சொல்கிறேன்’ என்று தோன்றும். சபையின் பணத்தைத் தங்கை கை மாற்றி அனுப்பினால் அது சபையின் பணம்தான். மறைத்தது என்ற குற்றமும் கூடவே சேரும்.

மூன்றாவது உங்கள் கமிட்டிச் செயலர் சொன்ன யோசனை: எஃப்சிஆர்ஏ பதிவுள்ள வேறொரு நிறுவனத்தின் கணக்கில் வாங்கி, அங்கிருந்து உங்களுக்கு மாற்றுவது. ஒரு காலத்தில் நிபந்தனைகளோடு அதற்கு வழி இருந்தது. 2020 திருத்தம் அதை அடைத்துவிட்டது. வெளிநாட்டு நன்கொடையைப் பெற்றவர் வேறு யாருக்கும் கைமாற்ற முடியாது. முதல் வரவும் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையிலுள்ள கணக்கில்தான் விழ வேண்டும். மீறினால் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது சட்டம். உங்களுக்கு உதவப்போய் அந்த நிறுவனம் தன் பதிவையும் இழக்கும்.

புதிய அமைப்புக்கு நேரடிப் பதிவும் கிடைக்காது. மூன்றாண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்றாண்டில் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். அதுவரை குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து குறிப்பிட்ட பணிக்காக முன்அனுமதி கேட்கலாம். அதற்கும் நேரமெடுக்கும். ஆகவே இப்போதைக்கு உள்ளூர்ப் பணம்தான். ஓர் அறக்கட்டளை ஆவணம் எழுதிச் சார்பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள். அல்லது ஏழு பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் சங்கமாகப் பதியுங்கள். வருமான வரித் துறையிலும் பதிந்தால் நன்கொடை தருகிறவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்கும். காணிக்கைக் கணக்கும் டியூஷன் கணக்கும் ஒரே நோட்டில் இருக்கக் கூடாது. நாற்பது பிள்ளைகளின் டியூஷனுக்கு ஒரு நடுத்தரச் சபையின் மாதக் காணிக்கையில் சிறு பங்கே போதும் என்பது என் கணிப்பு. முதலில் சிங்கப்பூரைப் பார்த்தது ஏன் என்று கமிட்டியைக் கேளுங்கள்.

“கேஸ் போடுவோம்”

இப்போது உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இன்று மதமாற்றத் தடைச் சட்டம் இல்லை. 2002இல் ஜெயலலிதா அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து பிறகு சட்டமாக்கியது உண்மை. 2004 நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த கையோடு அதே அரசு அதைத் திரும்பப் பெற்றது. உங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றும் கைதுச் செய்திகள் உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களின் சட்டங்களைப் பற்றியவை.

அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு, மதத்தைப் பின்பற்றுவதோடு பரப்பும் உரிமையையும் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. 1977இல் ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் எல்லை போட்டது. தன் மதக் கருத்தை எடுத்துச்சொல்லப் பரப்புரிமை உண்டு. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை என்று அதைப் படிக்க முடியாது என்றது. உங்களுக்கு நடைமுறையில் இதன் பொருள்: பேசலாம், கேட்டால் விளக்கலாம், கைப்பிரதி தரலாம். மிரட்டவோ ஏமாற்றவோ ஆசைகாட்டவோ கூடாது. அடுத்தவர் சாமியை இழிவாகப் பேசினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 299 பிரிவுகள் இருக்கின்றன. எந்த மதத்துக்காரர் பேசினாலும் அவை பொருந்தும். தெருவில் கூட்டம் போட்டு மைக் வைக்க வேண்டுமானால் காவல்துறை அனுமதி வேண்டும், இரவு பத்து மணிக்குமேல் கூடவே கூடாது. போதகர் ஒட்டியிருப்பதாக நீங்கள் சொன்ன ‘கேன்சர், சுகர் குணமாகும்’ சுவரொட்டியைக் கிழித்துவிடச் சொல்லுங்கள். மந்திரத்தாலோ அற்புதத்தாலோ நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954இலேயே சட்டம் இருக்கிறது. ஜெபத்துக்கு வந்த காசநோயாளி மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

வீடியோ எடுத்தவர்கள் மறுபடி வந்தால் வாக்குவாதம் வேண்டாம். “உள்ளே வந்து பாருங்கள், கணக்குப் பாடம் நடக்கிறது” என்று சொல்லுங்கள். மிரட்டல் தொடர்ந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை என்பதுதான் உங்கள் பலம். போதகரின் ‘ஞாயிறு வந்தால் சனி உண்டு’ விதி அந்தப் பலத்தைத்தான் பறிக்கிறது. ஸ்கூல் பேக்கைக் காட்டி ஆராதனைக்கு அழைத்தால், ‘ஆசைகாட்டுகிறார்கள்’ என்று சொல்பவருக்கு நீங்களே சாட்சி தயாரித்துக் கொடுக்கிறீர்கள். தமிழ்நாட்டில் அதற்குத் தனித் தண்டனை இல்லாமல் இருக்கலாம். ஆனால் தூண்டுதலாலோ வலுக்கட்டாயமாகவோ மதம் மாற்றியதாக வழக்குக்கோ தண்டனைக்கோ உள்ளானவர்களுக்கு எஃப்சிஆர்ஏ பதிவு கிடையாது என்று மத்தியச் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. நான் உங்கள் மதத்தவன் இல்லை. மிஷன் பள்ளியில் படித்தவன். ராயபுரத்தில் ரெய்னி மருத்துவமனையை நடத்திய ஸ்காட்லாந்து மிஷனரி மருத்துவர்களிடம் பிரசவத்துக்குப் போன மீனவப் பெண்களும், வியாசர்பாடியில் சலேசியப் பாதிரியார் மாந்தோவானி தொடங்கிய பியாட்டிட்யூட்ஸ் நிலையத்துக்குச் சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் போனவர்களும் எல்லா மதத்தவரும்தான். வடசென்னையில் அந்தப் பெயர்களுக்கு இருக்கும் மரியாதை அப்படி வந்தது. உங்கள் போதகரிடம் சட்டத்தைக் காட்டி வாதாட வேண்டாம். வேதத்தைக் காட்டுங்கள்: சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பியவன் ஒருவன்தான், மற்ற ஒன்பது பேரின் சுகத்தை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை.

சான்றிதழ்

பெற்றோரின் பயம் வெறும் வதந்தியால் வந்ததல்ல. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியர்களுக்கும், 1990 முதல் பௌத்தர்களுக்கும் மட்டுமே. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். இது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்பேன். ஞானஸ்நானம் எடுத்தவுடன் சாதி அவரை விட்டுவிடுவதில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பிய ஊர்கள் நமக்குத் தெரியும். இந்த ஆணையை மாற்றக் கோரி 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானமே போட்டது. முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு 2022இல் ஓர் ஆணையமும் அமைத்தது. ஆனால் இன்றைய சட்டம் இதுதான். பெற்றோரிடம் இதை மறைக்கக் கூடாது.

டியூஷனுக்கு வருவதாலோ கிறிஸ்துமஸ் விழாவில் பாட்டுப் பாடுவதாலோ யாருடைய சான்றிதழும் போகாது. ஒருவர் எந்த மதத்தை உண்மையில் பின்பற்றுகிறார் என்பதுதான் கேள்வி. 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு வழக்கில், குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்று, தொடர்ந்து தேவாலயத்துக்குப் போய்வந்த பெண் வேலைக்காக இந்துப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. நீதிமன்றம் பார்த்தது நடத்தையை. இப்போது போதகர் கேட்கும் ஞாயிறு வருகைப் பதிவேட்டையும், யூடியூபில் அவர் போடும் ஆராதனை வீடியோக்களையும் யோசித்துப் பாருங்கள். பத்து வயதில் ஒரு பேக்குக்காக வரிசையில் நின்ற பையனுக்கு இருபத்திரண்டு வயதில் அரசு வேலை கிடைக்கும்போது, அவனைப் பிடிக்காத ஒருவர் அந்தப் பதிவேட்டைத் தேடி எடுக்கலாம். அவன் கிறிஸ்தவனாகவே இல்லாவிட்டாலும், இல்லை என்று சொல்லி அலைய வேண்டியவன் அவன்தான். ஆகையால் பதிவேடு வேண்டாம், பிள்ளைகளின் முகம் தெரியும் படங்கள் வேண்டாம், பதினெட்டு வயதுக்குள் பெற்றோர் சம்மதமில்லாமல் ஞானஸ்நானப் பேச்சே வேண்டாம். பெரியவர் ஒருவர் தானாக விரும்பி வந்தால், சான்றிதழில் என்ன மாறும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பிறகு மற்றதைப் பேசுங்கள்.

மீதமுள்ள இரண்டு சின்ன விஷயங்கள். நீங்கள் டியூஷன் நடத்தும் வீடு, குடியிருக்க மட்டும் ஒதுக்கப்பட்டது. யாராவது மனு போட்டால் பாதிக்கப்படுவது அந்த அம்மாவின் ஒதுக்கீடு, உங்களுடையது அல்ல. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் சமுதாய மேம்பாட்டுப் பிரிவுக்கு எழுதி, சமுதாயக் கூடத்திலோ நூலக அறையிலோ மாலை நேரம் கேளுங்கள். குடியிருப்போர் சங்கத்துப் பெண்கள் இருவரைக் கூட அழைத்துக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் நடக்கும். அந்த இருவரை உங்கள் அறக்கட்டளையிலும் சேர்த்தால் இன்னும் நல்லது. கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. ‘மாதம் மூன்றாவது சனி தண்ணி லாரி வரும், பிள்ளைங்க குடம் தூக்கப் போயிடும்’ என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவரும்.

டியூஷன் தொடங்கும்முன் ஒரு சிறு ஜெபம் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். தடுக்கும் சட்டம் இல்லை. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிறுவனங்களில்கூட, வயது வராத பிள்ளையை வழிபாட்டில் பங்கேற்கவைக்கக் காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்று சாசனத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அளவுகோலை உங்களுக்கும் வைத்துக்கொண்டால் எந்தப் பெற்றோரும் குறைசொல்ல முடியாது. பிள்ளைகள் ஐந்து மணிக்கு வருகிறார்கள் என்றால் தன்னார்வலர்களும் நீங்களும் நாலே முக்காலுக்கே வந்து ஜெபித்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்குக் கணக்கு.